துடக்கும் வாய்மையும்

வாய்மை என்றால் யாது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் பாடநூல்களிலேயே சந்தித்துப் பழகிவிட்டோம். மாணவருக்கு அதனைக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுக்கிறோம். அவர்கள் அரிச்சந்திரனின் கதையை ஒன்றரைப் பக்கத்தில் எழுதித் தருகிறார்கள். நாம் புள்ளியிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். அத்துடன் வினா முடிந்துவிடுகிறது. ஆனால் வாழ்க்கை அதே வினாவை வேறோர் உருவில், நாம் சற்றும் எதிர்பாராத வேளையில் எம்மிடம் கேட்கும்போதுதான், பாடநூல் தந்த விடைகள் எவ்வளவு மெலிந்தவை என்பது தெரியவருகிறது.

அப்படியொரு வேளை எனக்கு அண்மையில் வாய்த்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற இளைஞரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. “சேர், நான் உங்களிட்டைப் படிச்சனான்” என்று தமது பழைய பெயரைச் சொன்னார். அந்தப் பெயருக்குரிய பெண்பிள்ளையை நினைவில் தேடினேன். தேடியபின் எதிரே நின்ற இளைஞரின் முகத்தில் அதே ஆளைக் கண்டேன். “உள்ளே வாரும் தம்பி” என்றேன். அந்த ஒரு சொல் எப்படி அமையுமோ என்ற தயக்கத்திலேதான் அவர் படலையடியில் அவ்வளவு நேரம் நின்றார் என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது.

பிறப்பிலே பெண்ணெனப் பதியப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து, ஆணாக வாழ்வோரை இன்று தமிழில் திருநம்பியர் என்கிறோம். வந்தவர் அவர்களுள் ஒருவர். 2016 ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழைத் திருத்துவித்து, மார்புச் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டவர். ஆண்மைச் சுரப்பான டெஸ்டொஸ்டெரோனை ஊசிமூலம் ஒழுங்காகப் பெற்றுவந்தமையால் நான்கு ஆண்டுகளாக அவருக்கு மாதவிடாய் வந்ததில்லை.

2022 ஆம் ஆண்டு அவருடைய தகப்பனார் காலமானார். “எனக்குக் கொள்ளி வைக்க மகன் இருக்கிறான்” என்று நோய்ப்படுக்கையில் அவர் சொல்லியிருந்தமையால் சுற்றத்தார் முணுமுணுப்புடன் இணங்கினர். அந்த ஆண்டின் நிலையை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள்: எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை; மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. சிகிச்சை நிலையத்துக்குப் போய்வர வழியின்றி அவருடைய ஊசி சில மாதங்கள் தவறிப்போயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு நாட்களுக்கு முன், நின்றுபோயிருந்த மாதவிடாய் திரும்பவும் வந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளை வேட்டி உடுத்து, கீரிமலையில் குருக்களின் முன் அமர்ந்து, தகப்பனாருக்குச் செய்ய வேண்டிய கிரியைகள் அனைத்தையும் செய்துமுடித்தார். வேட்டியில் கறை தெரிந்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். தாம் செய்வது தகுமோ என்ற கலக்கம் மறுபுறம். அந்தக் கலக்கத்தையே என்னிடம் கொண்டுவந்திருந்தார்.

“துடக்கோடை இருந்து அப்பாவின்ரை காரியத்தைச் செய்தன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் அண்டைக்குச் செய்தது பொய்யோ, சேர்?”

துடக்கு என்பது மூடநம்பிக்கை, அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட என் நா துடித்தது. பகுத்தறிவு பேசிப் பழகிய நாவல்லவா! ஆனால் அவர் கேட்டது துடக்கைப் பற்றியன்று, பொய்யைப் பற்றி. அதற்கு அன்று என்னிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சி. அவருடைய சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறேன்.

* * *

ஒரு நாளின் மறைப்பை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் வினாவின் முழுப் பரிமாணமும் புலப்படாது. அந்த மறைப்பு எத்தகைய வாழ்க்கையில் வேரூன்றியிருக்கிறது என்பதை முதலிற் காண வேண்டும்.

எமது சமுதாயம் மாதவிடாயை விநோதமான முறையிற் கையாள்கிறது. முதல் முறை வரும்போது அழைப்பிதழ் அச்சிட்டு, பந்தலிட்டு, நிழற்படம் பிடித்து, ஊரறியச் சாமத்தியச் சடங்கு நடத்துகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு முறையும் ஊரறியாது மறைக்கக் கற்பிக்கிறது. கொண்டாடப்படுவது உதிரமன்று, ‘இவள் மணத்துக்குரியவள் ஆயினள்’ என்ற அறிவிப்பே கொண்டாடப்படுகிறது. இந்த அறிவிப்பு, தன்னை ஆணென உணரும் ஒரு பிள்ளைக்கு எவ்வாறு ஒலித்திருக்கும்? “எல்லாரும் படம் எடுத்தினம். எனக்கு நான் செத்த வீட்டிலை இருக்கிற மாதிரி இருந்தது” என்றார் அவர். உடல் தந்த வேதனையிலும், அந்த உடலைக்கொண்டு ஊர் தம்மீது எழுதிய தீர்ப்பே அவருக்குப் பெரிதாயிருந்தது.

பிறகு அன்றாட வாழ்வு. ஆண்களுக்கான பொது மலசலகூடங்களை எண்ணிப் பாருங்கள். பஸ் நிலையத்தில், வேலைத்தலத்தில், பல்கலைக்கழகத்தில், பெரும்பாலானவற்றில் நின்று சிறுநீர் கழிக்கும் வரிசை இருக்கிறது. கதவுள்ள அறை ஒன்றோ இரண்டோ இருக்கும். அவற்றிலும் தாழ்ப்பாள் இருப்பது அருமை. அணையாடையைப் போடுவதற்குக் குப்பைத்தொட்டி இல்லை. இருப்பதற்கு நியாயமுமில்லை என்று கட்டியவர்கள் எண்ணியிருப்பார்கள். புதிய அணையாடையின் உறையைப் பிரிக்கும் ஓசை அடுத்த அறைக்குக் கேட்கும். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிக் காற்சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு மாலைவரை வேலை செய்ய வேண்டும். பெண்களின் பகுதிக்குப் போகலாமே என்றால், தாடியோடு உள்ளே நுழைபவரைக் கண்டு அங்குள்ள பெண்கள் அஞ்சுவார்கள்; அவ்வச்சத்தையும் குறைகூற முடியாது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்கும் மனிதன், ஈற்றில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறான்.

கடையில் அணையாடை வாங்கும்போது “தங்கச்சிக்கு” என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுப்பார். அந்தச் சுற்றல் பெண்ணுக்கும் அவமானம், இவருக்கும் அவமானம். ஆண் நண்பர்களுடன் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தால் துணியைக் கழுவிக் காயப்போட இடமில்லை. வயிற்றுவலி கண்டால் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். உதிரப்போக்கு அளவுமீறினால், பெண் நோயியல் சிகிச்சைப் பகுதியின் வாங்கிலே பெண்களின் நடுவில் அமர்ந்து, தம்முடைய பெயர் உரக்க அழைக்கப்படும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பலர் அதற்கு அஞ்சி நோயையே வளர்த்துக்கொள்கின்றனர்.

கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லூரிலே ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். சத்திரசிகிச்சை செய்யாத திருநம்பியால் அது முடியாது. பெண்ணாகச் செல்வதும் அவரால் முடியாது. மாதவிடாய் நாளெனில் எப்படிச் சென்றாலும் வழக்கம் தடுக்கிறது. ஆகவே அவர் தேரை வீதியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

இவை ஒரு தனிமனிதரின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் கிறிஸ்லர் என்னும் உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் இத்தகையோரிடம் விசாரித்து 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலும், ஆண்களின் பொது மலசலகூடங்கள் பாதுகாப்பற்றவை என்றும், மாதவிடாய் நாட்களில் அவ்வுணர்வு மேலும் கூடுகிறதென்றும் பெரும்பாலானோர் கூறியிருந்தனர். அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது: மாதவிடாயைப் பற்றிய அவர்களுடைய மனப்பாங்கு ஒரே தன்மையதாக இருக்கவில்லை. சிலருக்கு அது பெருந்துயர். சிலருக்குத் தலைவலி போன்ற ஒரு தொல்லை. சிலருக்கு உடல் நலமாயிருக்கிறது என்பதற்கான அறிகுறி. எனவே எல்லாத் திருநம்பியரும் தம் உடலை வெறுக்கிறார்கள் என்று நாம் இரக்கத்துடன் முடிவு கட்டிவிடுவதும் தவறு. உதிரத்தைத் துயரமாக்குவதிற் பெரும்பங்கு, அதைச் சுற்றி எழுப்பப்பட்டுள்ள சுவருக்கே உரியது.

* * *

அந்தச் சுவருக்கு எம்மிடையே உள்ள பெயர்களுள் ஒன்று துடக்கு.

கருப்பையின் உட்படலம், கரு தங்காத மாதத்தில் உதிர்ந்து வெளியேறுகிறது. உயிரியல் இவ்வளவே சொல்கிறது. இந்நிகழ்வுக்கு அசுத்தம் என்ற பொருளை உயிரியல் கொடுக்கவில்லை. பெண்ணின் உழைப்பையும் கருவையும் குடும்பச் சொத்தின் காவலில் வைத்திருந்த சமுதாயமே அப்பொருளைக் கொடுத்தது. யார் கிணற்றடிக்கு வரலாம், யார் அடுப்படிக்கு வரலாம், யார் சந்நிதியில் நிற்கலாம் என்று வகுக்கும் அதிகாரம் அந்தப் பொருளிலிருந்தே பிறந்தது.

யாழ்ப்பாணத்துச் சமுதாயத்தை அறிந்தவர்களுக்கு இந்த அதிகாரத்தின் மறுமுகமும் தெரியும். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறு குவளை வைத்திருந்தார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அம்மக்கள் உள்ளே செல்ல நின்றபோது, அவர்களைத் தடுத்தவர்களும் தூய்மையின் பெயரையே சொன்னார்கள். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டு சபரிமலைத் தீர்ப்பை வழங்கியபோது, நீதியரசர் சந்திரசூட் தமது தனித் தீர்ப்பில், மாதவிடாயைக் காரணங்காட்டி விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவமே என்று கூறினார். மாவிட்டபுரத்தைக் கண்டவர்களுக்கு அது புதிய செய்தியன்று.

துடக்கின் தர்க்கத்தைச் சற்று உற்றுநோக்கினால் ஒரு முரண்பாடு தெரியும். அந்தியேட்டிக்கு வந்திருந்த அந்தக் குடும்பத்தார் அனைவரும் சாவுத் துடக்கில் இருந்தவர்கள். அதைக் கழிப்பதற்கே அந்தச் சடங்கு. சாவின் துடக்கோடு குருக்களின் முன் அமரலாம். கருப்பையின் துடக்கோடு அமரலாகாது! பிணத்தைத் தொட்ட கை தகுதியுடையதாகிறது. உயிரைத் தாங்கவல்ல உறுப்பு தகுதியற்றதாகிறது. இவ்வேறுபாட்டிலிருந்து, விதி தூய்மையைப் பற்றியது அன்று, படிநிலையைப் பற்றியது என்பது தெளிவாகும்.

ஆயினும் விதி பொய்யானது என்பதனால் அவருடைய வினாவும் பொய்யாகிவிடாது. அந்தக் குருக்கள் விதியை நம்புகிறார். சுற்றத்தார் நம்புகின்றனர். அவருடைய தாயார் நம்புகிறார். என் மாணவரேகூட அரைமனத்துடன் நம்புகிறார். இல்லாவிடில் ஏன் கலங்க வேண்டும்? ஒரு நம்பிக்கை தவறானது என்பதற்காக, அதனை நம்புவோரை ஏமாற்ற எமக்கு உரிமை வந்துவிடுமா? இந்த இடத்தை விரைந்து தாண்டிச் செல்வது பகுத்தறிவாளருக்கு எளிது. ஆனால் அது நேர்மையன்று.

* * *

மெய்யியலாளர் கான்ற் 1797 ஆம் ஆண்டு எழுதிய சிறு கட்டுரையொன்றில் மிகக் கடுமையான நிலைப்பாடு ஒன்றை எடுத்தார். நண்பனைக் கொல்லத் தேடிவருபவன் அவன் இருக்குமிடத்தைக் கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்பது அது. அந்நிலைப்பாட்டை ஏற்பவர் இன்று சிலரே. ஆனால் அதே கான்ற்கூட, பொய் சொல்வதையும் சொல்லாது விடுவதையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. உண்மையல்லாததைச் சொல்லலாகாது, அதனால் அறிந்த உண்மையெல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. கீரிமலையில் என் மாணவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்காத வினாவுக்கு விடை சொல்லாதிருப்பது பொய்யாகாது. வினாவின் முதற்பகுதி இவ்வாறு தீர்கிறது.

ஆனால் அவர் என்னை அவ்வளவில் விடவில்லை. “கேட்டிருந்தால் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன், சேர்” என்றார். ஆகவே கேட்கப்பட்டிருந்தால் என்ன என்பதையும் நாம் எதிர்கொள்ள வேண்டும்.

ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர், தம்மை அறியாத ஊரின் தேநீர்க் கடையில் நுழைந்து, எல்லாருக்கும் உரிய குவளையில் தேநீர் அருந்திவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் “நீர் எந்தப் பகுதி?” என்று கேட்கிறார். அவர் வேறொன்றைச் சொல்லித் தப்புகிறார். இங்கே வாய்மையை மீறியவர் யார்? சொன்னவர் ஒரு தவறான கூற்றைச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் கேட்டவர், ஒரு மனிதனிடம் எவருமே கேட்க உரிமையில்லாததைக் கேட்டார். உண்மை என்பது மனிதர் ஒருவருக்கொருவர் செலுத்தும் கடன். கடன் கேட்பவருக்கு அதற்குரிய உரித்து வேண்டும். உண்மையை வாங்கி அதனையே கயிறாக்கிச் சொன்னவரின் கழுத்தில் இடுவதற்குக் கேட்பவருக்கு, அந்தக் கடனில் உரித்தில்லை. வாய்மைக்குச் சொல்லின் விளைவையே அளவாகக் கொள்ளும் நோக்கு எமது அறநூல் மரபிலும் உண்டு.

இதற்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எம்மீது நம்பிக்கை வைத்து, எமக்குத் தீங்கு செய்யும் எண்ணமின்றி, தம் வாழ்க்கையை எம்மோடு பிணைத்துக்கொள்பவருக்கு நாம் செலுத்தவேண்டிய உண்மை வேறு. வாசலில் நின்று விசாரிப்பவருக்குச் செலுத்தவேண்டியது வேறு. வைத்தியருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சொல்ல வேண்டியதை, கடைக்காரருக்கும் குருக்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எல்லைகளை எமது சட்டம் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 399 ஆம் பிரிவு, ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது. திருநர் மீது இப்பிரிவு பிரயோகிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய வாழ்க்கையே ஒரு பொய் என்பதுதான் அதன் உட்கருத்து. தேசிய அடையாள அட்டையைப் பாருங்கள்: அதன் இலக்கத்திலேயே பிறந்த நாளின் வரிசை எண் இருக்கிறது, பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படுகிறது. ஒரு மனிதரின் பாலை அவர் வாய் திறக்குமுன்பே எண்ணாக்கிச் சொல்லிவிடும் நாட்டில், அவர் எதையும் மறைக்கலாகாது என்று போதிப்பது எளிது.

இங்கே மைக்கல் டிலன் என்பவரை நினைவுகூர்வது பொருந்தும். 1915 இல் இங்கிலாந்தில் பிறந்து பெண்ணாக வளர்க்கப்பட்ட அவர், 1939 இல் ஒரு வைத்தியரிடம் சென்றார். அளவுமீறிய மாதவிடாய்ப் போக்குக்கு டெஸ்டொஸ்டெரோனைக் கொடுத்துச் சோதனை செய்துவந்தவர் அவ்வைத்தியர். பெண்களின் உதிரத்தைக் கட்டுப்படுத்தத் தேடிய மருந்தே, ஒருவருக்கு ஆணாக வாழ வழிதிறந்தது. உளமருத்துவர் ஒருவரிடம் நம்பிச் சொன்னதை அவர் வெளியே சொல்லிவிட்டமையால் டிலன் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. பிரிஸ்ரலில் வாகனத் திருத்தகம் ஒன்றிற் கூலிக்கு வேலை செய்தார். 1946 இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதன் துணைத் தலைப்பில் ஒழுக்கவியலும் சுரப்பியியலும் அருகருகே நின்றன. மனத்தை உடலுக்கு இணங்கச் செய்ய முடியாதபோது உடலை மனத்துக்கு இணங்கச் செய்வதே தகும் என்பது அவருடைய வாதம். பின்னர் வைத்தியராகிக் கப்பல்களிற் பணிபுரிந்தார். 1958 இல் பத்திரிகைகள் அவருடைய இரகசியத்தை உலகறியச் செய்தன. அவர் இந்தியாவுக்கு வந்து பௌத்த துறவியாக முயன்று, 1962 இல் டல்ஹௌசியில் காலமானார். அவர் வாழ்வில் பொய் எங்கே இருந்தது? நம்பிச் சொன்னதை வெளியிட்டவரிடமா, கேட்க உரிமையில்லாததைத் துருவிய பத்திரிகைகளிடமா, அமைதியாக நோயாளரைக் கவனித்துவந்த மனிதரிடமா?

* * *

இவ்வாறு சொல்லும்போது எமது அணியிலிருந்தே சில மறுப்புகள் எழும். அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையன்று.

முதலாவது: இது சிலருடைய பிரச்சினை, தேயிலை மலையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இலட்சக்கணக்கான பெண்கள் படும் துன்பமல்லவா முதன்மையானது? நியாயமான வினா. கொழுந்து பறிக்கும் மலையில் மலசலகூடம் இல்லாமையால் நாள் முழுவதும் ஒரே துணியுடன் நிற்கும் பெண்ணையும், 1978 இல் ஆரம்பிக்கப்பட்ட கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில் இயந்திரத்தை விட்டு எழுவதற்கு மேற்பார்வையாளரின் அனுமதியை எதிர்பார்க்கும் பெண்ணையும் மறந்து எழுதும் எழுத்து முற்போக்கானதாகாது. ஆனால் அப்பெண்ணுக்கு வேண்டியது யாது? தாழ்ப்பாள் உள்ள கதவு, தண்ணீர், குப்பைத்தொட்டி, வாங்கக்கூடிய விலையில் அணையாடை, காரணம் சொல்லாது எழுந்து செல்லும் உரிமை. திருநம்பித் தொழிலாளிக்கு வேண்டியதும் இவையே, எழுத்துக்கு எழுத்து. 2018 வரை இறக்குமதி செய்யப்பட்ட அணையாடைமீது எமது அரசாங்கம் நூற்றுக்கு 101.2 வரி அறவிட்டது. பொருளின் பெறுமதியை விஞ்சிய அந்த வரி, வாங்குபவர் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. தேவை ஒன்றாயிருக்கும் இடத்தில் போராட்டமும் ஒன்றாயிருக்கும்.

இரண்டாவது மறுப்பு பெண்தோழர்களிடமிருந்து வருவது. அதனை நான் மேலும் மதிக்கிறேன். மாதவிடாயைப் பற்றி வாய் திறப்பதற்கே நாங்கள் இவ்வளவு காலம் போராடினோம். இப்போது அதிலும் ‘பெண்’ என்ற சொல்லை அழித்துவிட வேண்டுமா என்று அவர்கள் கேட்கின்றனர். அழிக்க வேண்டியதில்லை. மாதவிடாயின் பெயரால் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டோர் பெண்களே. அந்த வரலாற்றைப் பொதுச்சொற்களால் மூடிவிடுவது அநீதி. ஆனால் மாதவிடாய்தான் பெண்ணின் வரைவிலக்கணம் என்று சொன்னது யார்? மாதவிடாய் நின்ற மூதாட்டி பெண்ணல்லவா? கருப்பை அகற்றப்பட்டவர் பெண்ணல்லவா? பெண்ணைக் கருப்பையாகச் சுருக்கியது பழைய ஆதிக்கமே. அந்தச் சமன்பாட்டைப் பெண்களின் பொருட்டு முறிக்கும்போதே, அதன் மறுபுறத்தில் அகப்பட்டிருக்கும் திருநம்பியும் விடுபடுகிறார். ஸ்கொத்லாந்து தனது 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தில், தேவையுள்ள எவருக்கும் அணையாடை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று விதித்தது. அதனால் அங்குள்ள பெண்ணொருத்தியும் எதையும் இழக்கவில்லை.

சொல்லையும் சின்னத்தையும் மட்டும் மாற்றிவிட்டு மனநிறைவு கொள்வதில் எச்சரிக்கை வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2019 இல் ஓல்வேய்ஸ் என்னும் அணையாடையைத் தயாரிக்கும் பன்னாட்டு நிறுவனம், திருநரின் கோரிக்கையை ஏற்று, உறையிலிருந்த பெண்பாற் குறியை நீக்குவதாக அறிவித்தது. நல்லதே. ஆனால் உறையின் குறியை நீக்குவது இலாபத்துக்கு ஊறு செய்யாது. மூலதனம் தரும் சலுகையைப் பெற்றுக்கொள்வோம். அதனை விடுதலை என்று மயங்காதிருப்போம்.

மூன்றாவது மறுப்பு, இவையெல்லாம் மேனாட்டிலிருந்து இறக்குமதியானவை என்பது. இறக்குமதியானது எது? திருநரைத் துரத்தப் பயன்பட்ட தண்டனைச் சட்டக்கோவையும், 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் பிரித்தானியர் விட்டுச் சென்றவை. அந்த இறக்குமதியைப் பேணிக்கொண்டே, கீரிமலையில் தகப்பனுக்குக் கடன் செய்த ஒரு மகனை அந்நியம் என்பது எப்படிப் பொருந்தும்?

* * *

அவரது வினாவுக்கு விடை தேடும்போது எனது பழைய குற்றமொன்றும் நினைவில் எழுந்தது. அவர் பத்தாம் வகுப்பிலிருந்தபோது, பாடத்தின் நடுவே வெளியே செல்ல அனுமதி கேட்டார். இடைவேளை முடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. “என்ன அவசரம்? காரணத்தைச் சொல்லும்” என்றேன். மாணவர்கள் சிரித்தனர். அவர் பேசாது அமர்ந்துவிட்டார். மணி அடித்த பின்னரும் எழவில்லை. எல்லாரும் போகும்வரை கதிரையை விட்டு அசையவில்லை. நான் அதைப் பிடிவாதம் என்று எண்ணினேன். கேட்க உரிமையில்லாததைக் கேட்டவர்களின் வரிசையில் கடைக்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் பக்கத்தில் நானும் நிற்கிறேன்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்லக்கூடியது மிகச் சிறியது. பிள்ளை எழுந்து அனுமதி கேட்டால் காரணம் கேளாது விடுங்கள். பாடசாலையின் எல்லா மலசலகூடங்களிலும், ஆண்களுடையவை உட்பட, தாழ்ப்பாளும் மூடியுள்ள தொட்டியும் இருக்கும்படி செய்யுங்கள். மாதவிடாயைப் பற்றிய பாடத்தை மாணவியரைத் தனியே அழைத்துக் காதோடு சொல்லாமல், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாயிருக்கும் வகுப்பிலே, இரத்தச் சுற்றோட்டத்தைப் படிப்பிப்பதுபோலப் படிப்பியுங்கள். மாணவ நண்பர்களுக்கு: சிரிப்பு எழும்போது நீங்கள் சேர்ந்து சிரிக்காதிருப்பதே ஒரு செயல்.

அன்று என் மாணவர் விடைபெறும் வேளையில் ஒரு செய்தி சொன்னார். அந்தியேட்டி நாள் அதிகாலையில் அவருடைய பையைத் தாயார் தாமே ஆயத்தம் செய்து கொடுத்தாராம். கீரிமலையில் அதனைத் திறந்தபோது, மாற்று வேட்டிக்கு அடியில், கிழித்து மடித்த பழைய சேலைத்துணி இருந்தது. வாழ்நாள் முழுவதும் துடக்குக் காத்த பெண்மணி அவர். மகன் சொல்லவில்லை, தாய் கேட்கவுமில்லை. அன்றுமுதல் இன்றுவரை அதைப்பற்றி இருவரும் பேசியதில்லையாம்.

அவருக்கு இப்போது என் விடையைச் சொல்லலாம்: தம்பி, நீர் பொய் செய்யவில்லை. உம்மிடம் உண்மையைக் கேட்கும் உரித்துள்ளவர் அங்கே ஒருவர் இருந்தார். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படியொரு தாய் வாய்ப்பதில்லை. ஒரு தாய் பையில் ஒளித்து வைத்துச் செய்ததை, ஒரு சமுதாயம் வெளிப்படையாகச் செய்யவேண்டும். அதுவரை பொய் உம்முடையதன்று, எங்களுடையது.